போர்டு வீடு, கார்ப்பரேஷன் வார்டு, நடுவில் ஒரு விரிசல்

திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பர் 27 அன்று குடிசை மாற்று வாரியத்தின் (பேச்சில் 'போர்டு') பிளாக் ஒன்று அப்படியே சரிந்து விழுந்தது. 1993-இல் கட்டிய கட்டடம். 24 வீடுகள் இடிபாடாகின. ஒரு உயிர்கூடப் போகவில்லை. சுவர் விரிவதைக் கண்ட குடியிருப்பவர்கள் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்து, விழுவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டார்கள். அவர்களைக் காப்பாற்றியது அவர்களுடைய கண்கள்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் இன்னொரு கதை. 1,920 வீடுகள் கொண்ட புதிய குடியிருப்பு. சுவரில் விரலை வைத்துத் தேய்த்தாலே பூச்சு மணலாகக் கொட்டியது. ஐ.ஐ.டி. வல்லுநர் குழு வந்து ஆய்வு செய்தது, வாரியத்தின் பொறியாளர்கள் இருவர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஒன்று 28 வருஷப் பழைய கட்டடம், மற்றொன்று குடிவந்த சூடு ஆறாத கட்டடம். இரண்டுக்கும் பொதுவான ஒரு விஷயத்தை அப்போது யாரும் அதிகம் பேசவில்லை. அந்த நேரத்தில் சென்னையில் கவுன்சிலர் என்று ஒருவருமே இல்லை. 2016 அக்டோபரில் மாநகராட்சி மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல்தான் நடந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் இந்த ஊரை அதிகாரிகள் மட்டுமே நடத்தினார்கள்.

அந்தத் தேர்தலில் 200 வார்டுக்கும் கவுன்சிலர்கள் வந்தார்கள். திரு.வி.க. நகர்ப் பக்கத்து 74-ஆவது வார்டில் ஜெயித்த பிரியா மேயரானார். ஆனாலும் வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு போர்டு பிளாக்கின் மாடிப்படியில் நின்று, "கவுன்சிலர் சார், சிலாப் பேந்து விழுது, வந்து பாருங்க" என்றால், "அது போர்டு வேலைங்க, நம்ம கையில இல்ல" என்ற பதில்தான் வரும். அவர் பொய் சொல்லவில்லை. போர்டு ஆபீசுக்குப் போனால், "தெரு விளக்கா? அது கார்ப்பரேஷன்மா. தண்ணியா? மெட்ரோ வாட்டர்ல கேளுங்க" என்பார்கள். அவர்களும் பொய் சொல்லவில்லை. எல்லாரும் உண்மையைச் சொல்லி, வேலை மட்டும் நடக்காமல் போகிற இடம் இது. அதனால்தான் போர்டுக் குடியிருப்பைக் கண்காணிக்க விரும்புகிற யாரும், கவுன்சிலரோ, சங்கத் தலைவரோ, மாடிவீட்டு அக்காவோ, முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது 'எது யார் கணக்கில்' என்பதை.

எது யார் கணக்கில்

1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. பேச்சில் அது இன்னும் போர்டுதான். அது மாநில அரசின் வீட்டுவசதித் துறையின் கீழ் வருகிறது. மாநகராட்சியும் மெட்ரோ வாட்டரும் நகராட்சி நிர்வாகத் துறையின் கீழ். மின்சாரம் வேறு துறை. வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை 2024 மார்ச் 14 அன்று 4,181 கோடி ரூபாய்க்குத் தொடங்கியபோது அதை முன்னின்று நடத்தியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. ஆக ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்து அலுவலகங்கள் வேலை செய்கின்றன.

அரசியல் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 74-ஆவது திருத்தத்தோடு வந்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கு உரிய பணிகள் 18. அதில் குடிசைப் பகுதி மேம்பாடு உண்டு, நகர்ப்புற வறுமை ஒழிப்பு உண்டு, பூங்காவும் விளையாட்டுத் திடலும் உண்டு. நம் ஊரில் பூங்காவும் திடலும் மாநகராட்சிக்கு வந்தன. வீடு மட்டும் வாரியத்திடமே நின்றுவிட்டது. மாமன்றத்தின் நிலைக்குழுக்களைப் பாருங்கள்: கணக்கு, கல்வி, பொது சுகாதாரம், நகரமைப்பு, பணிகள், வரிவிதிப்பும் நிதியும். வீட்டுக்கென்று ஒரு குழு கிடையாது. ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பங்கு போர்டு வீட்டில் இருக்கிற வார்டுகள் வடசென்னையில் ஏராளம். அந்த வார்டின் கவுன்சிலருக்கு அந்த வீட்டைப் பற்றிக் கேட்க ஒரு குழு இல்லை என்பது எனக்கு இன்றுவரை ஏற்க முடியாத விஷயம்.

சரி, இருக்கிற நிலையில் என்ன செய்வது? குடியிருப்பின் வரைபடம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பொருளின் மேலும் அதன் உடைமையாளர் பெயரை எழுத வேண்டும். ஒரு சனிக்கிழமை மதியம் போதும். தூண், சுவர், சிலாப், மாடிப்படி, கழிவறைக் குழாய் எல்லாம் வாரியம். வெளித் தெருவில் ஓடும் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் மெட்ரோ வாட்டர். சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் வாரியத்துடையது, சங்கம் பொறுப்பேற்ற இடத்தில் சங்கத்துடையது. பிளாக்குகளுக்கு நடுவில் ஓடும் ரோடும் அதன் விளக்கும்தான் சண்டை வருகிற இடம். வாரியம் முறைப்படி ஒப்படைத்து மாநகராட்சி ஏற்றுக்கொண்டிருந்தால் அது மாநகராட்சி ரோடு. இல்லையென்றால் குழி விழுந்தாலும் மாநகராட்சியின் உதவிப் பொறியாளர் (ஏ.இ.) எஸ்டிமேட் போட மாட்டார், போட்டால் தணிக்கையில் மாட்டிக்கொள்வார். இதேபோல எந்த மேன்ஹோலோடு போர்டின் சாக்கடை முடிந்து மெட்ரோ வாட்டரின் சாக்கடை தொடங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பு எடுக்கும் வண்டி வந்து நின்று, "இது எங்க லைன் இல்ல" என்று திரும்பிப் போவது இந்த ஒரு மேன்ஹோலால்தான். (அந்த நேரத்தில் பொறுமை இழந்து யாரையாவது உள்ளே இறக்கிவிடாதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி அது குற்றம். அதைவிட முக்கியம், அந்தக் குழியின் வாயு நிமிஷத்தில் ஆளைக் கொன்றுவிடும்.)

ஒப்படைக்கப்பட்டதா இல்லையா என்பதை வாய்ச்சொல்லில் நம்ப வேண்டாம். ஒப்படைப்புக் கடிதத்தின் எண், தேதி, மாமன்றத் தீர்மான எண் மூன்றும் கையில் வேண்டும். அவை இல்லாத ரோடுகளுக்காக மாமன்றத்தில் கவுன்சிலர் கேட்க வேண்டிய கேள்வி, 'ரோடு எப்போது போடுவீர்கள்' என்பதல்ல, 'எப்போது ஏற்றுக்கொள்வீர்கள்' என்பது.

விரிசலைப் படிப்பது

பொறியாளர் வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. குடியிருப்பவர்கள் தினமும் பார்க்கிறார்கள். எனவே எந்த விரிசல் எதைச் சொல்கிறது என்பது பிளாக்குக்கு இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

சுவர் முழுக்க வலை பின்னியதுபோல மயிரிழை விரிசல் இருந்தால் அது பூச்சின் கோளாறு. பூசியபின் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட்டு நனைத்திருக்க வேண்டும், நனைக்கவில்லை. உயரமான கட்டடங்களில் இது அதிகம். ஆறாவது மாடிக்குத் தண்ணீர் ஏற்றி நனைப்பது சிரமம், அதனால் அந்த வேலையைத்தான் முதலில் விழுங்குவார்கள். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் சுவரைத் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடம் 'டக்' என்கும், பூச்சு விட்டுப்போன இடம் 'டொப்' என்று உள்ளே காற்று இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். சாவி முனையால் அழுத்திக் கீறினால் மெல்லிய கோடு மட்டும் விழ வேண்டும். மாவாகக் கொட்டினால் சிமென்ட் குறைவு, அல்லது நனைப்பு இல்லை, அல்லது எம்-சாண்டில் தூசி அதிகம். இதனால் கட்டடம் விழாது. பூச்சு விழும். நாலாவது மாடியின் வெளிப்பூச்சு கீழே நிற்கும் குழந்தையின் தலையில் விழுந்தால் அதுவும் சாதாரணமல்ல.

மேற்கூரையில் நேர்கோடாக, பக்கத்தில் துருக்கறையோடு வருகிற விரிசல் வேறு ரகம். அது உள்ளே கம்பி ஓடுகிற கோடு. துருப்பிடித்த இரும்பு தன் பழைய அளவைப்போலப் பல மடங்கு பருக்கும், பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் கடற்காற்றில் உப்பு. உப்பு கம்பியைத் தொடாமல் தடுப்பது கம்பிக்கு மேல் இருக்கும் கான்கிரீட் கவசம் மட்டும்தான். 2000-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி கடற்கரைக் காற்று நேரே படுகிற கான்கிரீட்டுக்கு 45 மி.மீ. கவசம் கேட்கிறது. பழைய பிளாக்குகளின் சன்ஷேடில் உடைந்த இடத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். அந்தக் கணக்குக்குப் பக்கத்தில்கூட வராது.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, செங்கல் செங்கலாகப் படியிறங்கும் விரிசல் அடித்தளம் ஒரு பக்கம் இறங்குவதைச் சொல்கிறது. அதைக் கண்டால் உடனே வெளியே போய் அந்த மூலைக்குக் கீழே தரை ஈரமா என்று பாருங்கள். சாக்கடைக் குழாய் உடைந்து மாதக்கணக்கில் மண்ணை அரித்துக்கொண்டிருக்கும். கட்டடத்தை ஒட்டி நிற்கிற கழிவுநீர் நாற்றத்துக்கான பிரச்சினை மட்டுமல்ல என்பதை எல்லாரும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்.

தரைத்தளத் தூணில் மேலிருந்து கீழாக விரிசல், தூண் வயிறு தள்ளியதுபோலத் தெரிவது, நேற்றுவரை மூடிய கதவு இன்று மூடாமல் சிக்குவது, சுவரிலிருந்து தானாக மணல் கொட்டுவது, பிளக்கிற சத்தம். இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் மனு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. எல்லாரையும் இறக்குங்கள், கேஸ் சிலிண்டரை மூடுங்கள், மெயினை அணையுங்கள், பிறகு 112-க்குப் போன் செய்யுங்கள். அரிவாக்குளத்துக்காரர்கள் செய்ததும் இதைத்தான்: முதலில் இறங்கினார்கள்.

மற்ற விரிசல்களுக்கு ஒரு பதிவு வேண்டும். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் சிறு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு பக்கமும் பசை வைத்து ஒட்டுங்கள். பூச்சின் மேல் ஒட்டாமல், பூச்சைச் சுரண்டிவிட்டு உள்சுவரில் ஒட்ட வேண்டும். கண்ணாடி உடைந்தால் விரிசல் உயிரோடு இருக்கிறது, அதாவது இன்னும் வளர்கிறது. ஸ்கேலோடு சேர்த்து மாதம் ஒரு படம், அதே தூரத்தில், அதே கோணத்தில். ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு உள்ளே நுழைந்தால் அகலம் ஒரு மி.மீ.யைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். மூன்று மாதப் படமும் தேதியும் இருக்கிற மனுவை எந்தப் பொறியாளரும் 'பார்க்கிறோம்' என்று ஒதுக்க முடியாது. ஆபத்தான கட்டடத்துக்கு நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் மாநகராட்சிக்கு நெடுங்காலமாக இருக்கிறது. கட்டடம் வாரியத்துடையதாகவே இருக்கட்டும், அந்தப் படங்களோடு மண்டல அலுவலருக்கும் ஒரு நகல் போக வேண்டும்.

ரிப்பேர் வரும்போது என்ன நடக்கிறது? பெரும்பாலும் கீழ்வீட்டு மேற்கூரையைப் பூசிவிட்டுப் போய்விடுவார்கள். தண்ணீர் ஒழுகுவது மேல்வீட்டுக் குளியலறையில். அங்கே டைல்ஸைப் பெயர்த்து, டிராப் இணைப்பைச் சரிசெய்து, நீர்க்காப்பு பூசி, 48 மணி நேரம் தண்ணீர் கட்டி வைத்துச் சோதிக்காமல் கீழே பூசினால், அடுத்த மழைக்காலத்தில் அதே இடம் பெயரும். மேல்வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பார்கள். அவர் மேல் தப்பில்லை. ஐந்து நாள் குளியலறை இல்லாமல் ஐந்து பேர் எங்கே போவார்கள்? வேலைக்கு முன்பே அதே பிளாக்கில் பூட்டிக் கிடக்கிற ஒரு வீட்டின் கழிவறையைத் திறந்து கொடுக்கச் சொல்லி வாரியத்தின் எஸ்டேட் ஆபீசரிடம் எழுதி வாங்குங்கள். இந்தச் சின்ன ஏற்பாடு இல்லாமல் நின்றுபோன ரிப்பேர்கள் எத்தனையோ. கம்பி தெரிகிற இடத்தில் தளர்ந்த கான்கிரீட்டை முழுக்கத் தட்டி எடுத்து, வயர் பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, கம்பி பாதியாக இளைத்திருந்தால் புதுக்கம்பி சேர்த்து, அதற்குமேல்தான் பூச வேண்டும். துருவின் மேலேயே பூசி வெள்ளையடிப்பது விரிசலுக்குத் திரை போடுவது.

தண்ணீர், மோட்டார், மாதச் சந்தா

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது கணக்கு. 32 வீட்டுப் பிளாக்கில் வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் 21,600 லிட்டர். உங்கள் சம்ப்பின் நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர் வரும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தால் குறை சம்ப்பிலா, வருகிற தண்ணீரிலா, மோட்டாரிலா என்று தெரிந்துவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம்போல சம்ப்புக்குள் தெருத் தண்ணீர் இறங்கிவிட்டால் வடித்துக் கழுவினால் மட்டும் போதாது. சுத்தத் தண்ணீர் நிரப்பி, பத்தாயிரம் லிட்டருக்கு ஒன்றரை கிலோ நல்ல பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, ஒரு நாள் முழுக்க வைத்து, அதையும் வடித்துவிட்டுத்தான் குடிநீர் பிடிக்க வேண்டும். மூட்டை பிரித்துப் பல மாதமான பவுடரில் குளோரின் இருக்காது. கடைசிக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. குளோரின் தெரிகிறதா என்று, குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சோதனைக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது, மறுக்க ஒரு காரணமும் கிடையாது.

'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில் குடியிருப்போர் நலச்சங்கம் பதிவுசெய்து பராமரிப்புத் தொகை வசூலித்தால், அதற்கு இணையான தொகையை அரசும் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் ஒரு வித்தியாசத்தை எல்லாரும் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். மாடிப்படி விளக்கு, மோட்டார், லிப்ட், துப்புரவு சங்கத்தின் வேலை. தூணும் சிலாப்பும் ஒருநாளும் சங்கத்தின் வேலை ஆகாது. "அதான் சங்கம் இருக்கே" என்று கட்டமைப்பு ரிப்பேரைச் சந்தாக் காசில் தள்ளிவிடுகிற போக்கைத் தொடக்கத்திலேயே எழுத்தில் மறுக்க வேண்டும். பொது மின் இணைப்பில் இன்னொரு சுமை. பத்து வீட்டுக்கும் மூன்று மாடிக்கும் மேற்படாத, லிப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு 2023 அக்டோபரில் பொது மின் கட்டணத்தைக் குறைத்தார்கள். போர்டு பிளாக்குகளில் பெரும்பாலானவை அந்த அளவைத் தாண்டியவை. ஏழை வீட்டு லிப்டுக்கு எதிர்வீட்டு அபார்ட்மென்ட் லிப்டின் கட்டணமே விழுகிறது. இதைக் கேட்க வேண்டிய இடம் சட்டமன்றம். கேட்கச் சொல்லி எழுத வேண்டிய இடம் மாமன்றம்.

திடல்

வடசென்னையில் விளையாட்டுத் திடல் பொழுதுபோக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கம் வந்து பார்த்ததில்லை. 230 சதுர அடி வீட்டில் ஆறு பேர் இருக்கிற இடத்தில் திடல் என்பது வீட்டின் இன்னொரு அறை. வியாசர்பாடியின் கால்பந்தும், புதுவண்ணாரப்பேட்டையின் கேரம் பலகையும் அப்படிப் பிறந்தவை. 2024 உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண். பூங்காவின் கதையும் பெரிது. 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். மக்கள் கூட ஓர் இடம் இருந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு வடசென்னையே சாட்சி.

2024 அக்டோபர் கடைசியில் மாமன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, தலைக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வசூலிக்க அனுமதி. வடசென்னைத் திடல்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. பத்துப் பசங்கள் தினம் ஒரு மணி நேரம் ஆடினால் மாதம் 36,000 ரூபாய். கூட்டணிக் கட்சிக் கவுன்சிலர்களே எதிர்த்தார்கள், ஊர் முழுக்கப் பேச்சானது, மறுநாளே கைவிடப்பட்டது. எனக்கு இதில் இரண்டு பாடம் தெரிகிறது. கவுன்சிலர்கள் சேர்ந்து கேட்டால் ஒரே நாளில் முடிவு மாறும் என்பது ஒன்று. அஜெண்டா முன்கூட்டியே வருகிறது, அதை வரிவரியாக யாராவது படித்திருந்தால் தீர்மானமே வந்திருக்காது என்பது மற்றொன்று. உங்கள் கவுன்சிலரிடம் கூட்டத்துக்கு முன்பே அஜெண்டாவை வாங்கி, உங்கள் வார்டு எண்ணும் மண்டல எண்ணும் வருகிற பக்கங்களைப் படியுங்கள்.

தனியாரிடம் கொடுக்கத் தூண்டுகிற காரணம் பராமரிப்புச் செலவு, அது பொய்யில்லை. செயற்கைப் புல் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். தையல் இணைப்பு முதலில் பிரியும். பிரிந்த இரண்டாம் நாளே ஒட்டாவிட்டால் காலில் மாட்டிக் கிழிந்துகொண்டே போகும். உள்ளே தூவிய ரப்பர் துகள் மழையில் ஓடி மூலையில் குவியும், வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுப் பரப்ப வேண்டும். வெள்ளச் சேறு ஒருமுறை உள்ளே இறங்கினால் வடிகால் துளை அடைத்து, அதன்பின் சின்ன மழைக்கும் குளமாகும். சித்திரை வெயிலில் பகல் பன்னிரண்டுக்கு அதன்மேல் வெறுங்காலில் நிற்க முடியாது. செம்மண் திடலுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, ரோலரும் தண்ணீரும் போதும். புதிதாகப் புல் போட எஸ்டிமேட் வரும்போது, பராமரிப்புக்கு எத்தனை வருஷம், ஆண்டுக்கு எவ்வளவு, யார் செய்வது என்ற மூன்று வரி அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையைத் தூக்கச் சொல்லுங்கள்.

விளக்குக் கம்பம் உயிர் விஷயம். ஜங்ஷன் பாக்ஸ் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டோடு இருக்க வேண்டும். எர்த் கம்பி கம்பத்தோடு இறுகி இருக்க வேண்டும், மெயினில் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்க வேண்டும். ஐப்பசி பிறக்கும் முன்பே ஏ.இ.யைக் கூட்டிப் போய் அந்தத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். கழிவறை பூட்டிக் கிடந்தால் பெண்பிள்ளைகள் திடலுக்கு வருவதே நின்றுவிடும். சாவி யாரிடம் என்பதைச் சுவரிலேயே எழுத வேண்டும். திறந்தவெளி ஜிம் கருவிகளில் பேரிங்குக்குக் கிரீஸ் வைக்காததும் அடிபோல்ட் துருப்பிடிப்பதும்தான் பெரும்பாலான உடைசலுக்குக் காரணம்.

போர்டு பிளாக்குகளுக்கு நடுவில் உள்ள திடலுக்கு இன்னோர் ஆபத்து உண்டு. முதலில் ஓரத்தில் டிரான்ஸ்பார்மர் வரும், பிறகு ரேஷன் கடை, பிறகு பார்க்கிங். மறுகட்டுமானம் வரும்போது வீடுகளின் எண்ணிக்கை கூடும், திடல் வரைபடத்திலேயே காணாமல் போகும். சி.எம்.டி.ஏ. திட்ட அனுமதி வரைபடத்தின் நகலை வேலை தொடங்கும் முன்பே வாங்கி, திறந்தவெளி எத்தனை சதுர மீட்டர் என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.

கேட்கும் முறை

தகவல் அறியும் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எல்லாருக்கும் இது தெரியும். அதிகம் பேருக்குத் தெரியாதது, அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு: வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் உரிமை உண்டு. 'ஏன் ரிப்பேர் செய்யவில்லை' என்று கேட்டால் பதில் வராது, 'ஏன்' என்பது தகவல் அல்ல என்பார்கள். கேட்க வேண்டியவை ஆவணங்கள்: ஒப்பந்த எண்ணும் தேதியும், எஸ்டிமேட் நகல், செய்த வேலையின் அளவைப் பதியும் எம் புக்கில் அந்த வேலை வரும் பக்கங்கள், கட்டுமானப் பொருள் சோதனை அறிக்கை, குறைபாட்டுக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பேற்கும் காலம் எந்தத் தேதியில் முடிகிறது. இந்தக் கடைசிக் கேள்வியின் பதில் பணம். அந்தத் தேதிக்குள் எழுதிக் கொடுத்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஒரு நாள் தாண்டினால் புது டெண்டர், புது காத்திருப்பு.

2022-இல் வந்த விதிகளின்படி சென்னையில் வார்டுக்குப் பத்து ஏரியா சபை. அந்த ஏரியாவின் வாக்காளர் எல்லாரும் அதில் உறுப்பினர். வருஷத்துக்கு நாலு கூட்டம். போர்டுக் குடியிருப்பைப் பற்றி அங்கே பேச முடியுமா என்று தயங்க வேண்டாம். வாரியத்துக்கு உத்தரவிட முடியாது, ஆனால் வாரியப் பொறியாளரை அடுத்த கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லித் தீர்மானம் போடலாம். தீர்மான வாசகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 'குடியிருப்பைச் சீரமைக்க வேண்டும்' என்று எழுதினால் அதை நிறைவேற்றியதாக யாரும் எப்போதும் பதில் எழுதலாம். 'இ பிளாக், இரண்டாவது மாடிப்படித் திருப்பத்தில், 1.2 மீட்டர் நீளத்துக்குக் கம்பி தெரிகிறது. வாரிய உதவிச் செயற்பொறியாளர் மார்ச் 10-க்குள் நேரில் பார்த்து அறிக்கை தர இந்தச் சபை கோருகிறது' என்று எழுதினால் ஆம் அல்லது இல்லை என்ற பதில்தான் சாத்தியம். ஒரு தீர்மானத்தில் ஓர் இடம், ஒரு வேலை, ஒரு தேதி. நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் அது ஏறியதைப் படமெடுத்துக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும்.

மறுகட்டுமானத்துக்குக் காலி செய்யச் சொல்லும் நாளில் இவை எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டும். கருணைத்தொகையை 8,000-த்திலிருந்து 24,000 ரூபாயாக உயர்த்தினார்கள். வேலை இரண்டு வருஷம் என்று வைத்தால் மாதம் ஆயிரம். இந்தப் பக்கம் அதற்கு ஒற்றை அறைகூடக் கிடைக்காது, வேலை இழுத்தால் அதுவும் கரையும். எனவே முடிக்கும் தேதி, பயனாளர் பங்களிப்புத் தொகை, எந்தக் குடும்பத்துக்கு வீடு என்ற பட்டியல் மூன்றும் எழுத்தில் வரும்வரை சாமானைக் கட்ட வேண்டாம். பட்டியலின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் எடுத்துவையுங்கள். இறந்துபோன ஒதுக்கீட்டாளரின் பெயரிலேயே இருக்கிற வீடுகளுக்கு வாரிசுச் சான்றிதழை அப்போதே வாங்கி எஸ்டேட் ஆபீஸில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். இரண்டு வருஷம் கழித்துக் கேட்டால், "லிஸ்ட்ல பேர் இல்லம்மா" என்பார்கள்.

பிறகு ஒரு நாள் புதுச் சாவி கொடுக்கக் கூப்பிடுவார்கள். மேளம், பூ, போட்டோ எல்லாம் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அரை மணி நேரம் கேளுங்கள். மேலும் கீழுமாக மூன்று வீட்டுக் குழாய்களை ஒரே நேரத்தில் திறந்து தண்ணீர் வரும் வேகத்தைப் பாருங்கள். சாவி முனையால் சுவரைக் கீறுங்கள். குளியலறைத் துளையைத் துணியால் அடைத்து, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, கதவைச் சாத்திவிட்டுப் போய் மற்ற அறைகளின் ஜன்னல் கொக்கி, சுவிட்ச் போர்டு எல்லாம் பார்த்து முடியுங்கள். கடைசியாக இரண்டு பேர் கீழ்வீட்டுக்கு இறங்கிப் போய் அதே இடத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். ஈரம் தெரிந்தால் சாவியை வாங்குங்கள், ஆனால் கையெழுத்துக்கு மேலே வீட்டு எண்ணையும் அந்த ஈரத்தையும் தேதியோடு எழுதிவிட்டு, அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.